வடகம் காயும் சானா

நான் அழவில்லை அக்கா. கண் சிவந்திருப்பது மிளகாயால். தண்ணீர் பாட்டிலை நீட்டினீர்களே, நன்றி, ஆனால் தண்ணீர் பட்டால் இன்னும் எரிகிறது. நீங்கள் ஜன்னல் பக்கமே இருங்கள். மேட்டுப்பாளையம் வரைக்கும்தானே? நானும் அதுவரைக்கும்தான், அங்கே இறங்கிக் கோயம்புத்தூர் பஸ் பிடித்து விடுதிக்குப் போக வேண்டும். என் பெயர் சுகிர்தா. எம்.ஏ. சமூகவியல், இரண்டாம் வருஷம். பட்டிமன்றம், பேச்சுப்போட்டி என்று மேடை மேடையாக ஏறி இறங்கி என் பேச்சே இப்படி அச்சடித்த மாதிரி ஆகிவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள். கோபம் வந்தால் இன்னும் சுத்தமாக வரும். இன்றைக்கு ரொம்பச் சுத்தமாக வருகிறது, கவனித்தீர்களா?

கோத்தகிரியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். எனக்கு யாரும் இல்லை. காலையில் ஒரு தோழியோடு வந்தேன். அவள் இன்னும் மேலே அந்த வீட்டில்தான் இருக்கிறாள், நான் மட்டும் இறங்கிக்கொண்டிருக்கிறேன். "நீ கீழ போ" என்றாள். யாருக்காகப் போனேனோ அவளே சொன்னாள். இதில் நியாயம் என் பக்கமா, அவள் பக்கமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவசரமில்லை. நான் முழுவதையும் சொல்லி முடித்த பிறகு சொன்னால் போதும்.

தோழியின் பெயர் மேகலா. கோபிச்செட்டிபாளையம் பக்கம். இளங்கலையிலிருந்து எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். சபரீஷ் என்று பெயர், பெங்களூரில் வேலை, வீடு கோத்தகிரி, அப்பாவுக்குச் சின்னதாக ஒரு தேயிலை ஃபேக்டரி. பெண் பார்த்துவிட்டுப் போயாகிவிட்டது. நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அவனுக்கும் பிடித்துவிட்டது, அவளுக்கும் பிடித்துவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். பிடிப்பது என்றால் என்ன, அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு பெண் யோசிக்க வேண்டாமா என்பது மட்டும்தான் என் கேள்வி. சாயங்காலமானால் விடுதி மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்துகொண்டு போனில் சிரிப்பாள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் கேன்டீனுக்கு நடந்து போய் பஜ்ஜி சாப்பிடுவோம். இப்போது நான் தனியாகப் போகிறேன். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. பஜ்ஜி தனியாகவும் சாப்பிடலாம்.

போன வாரம் அந்தப் பையனுடைய அம்மா கூப்பிட்டார். சாந்தாமணி என்று பெயர். மேகலா துணி மடித்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். அதனால் நானும் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை.

"கண்ணு, ஒரு நாளைக்குச் சும்மா வந்துட்டுப் போயேன். நம்மூட்ல ஆவி ரூம் ஒண்ணு இருக்குதல்லோ, அதுல நாம பொம்பளைங்க உக்காந்து ரண்டு வார்த்தை பேசிக்கலாம். வெளிய ஒரே மூடுபனி. உள்ள கதகதன்னு இருக்கும்."

ஆவி ரூம் என்றால் என்ன என்று மேகலாவைக் கேட்டேன். சானாதான் என்றாள். பலகை அடித்த சின்ன அறை. உள்ளே ஒரு மின்சார அடுப்பு, அடுப்பின் மேல் கற்கள், கல்லில் தண்ணீர் தெளித்தால் ஆவி கிளம்பும். அதில் உட்கார்ந்து வியர்க்க வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர், அதாவது சபரீஷின் அப்பா குழந்தைவேல், ரஷ்யாவுக்குத் தேயிலை விற்கப் போன இடத்தில் இதைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒன்று கட்டிவிட்டாராம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நீங்களும் யோசித்துப் பாருங்கள் அக்கா. சானாவில் என்ன உடுத்திக்கொண்டு உட்காருவார்கள்? நான் படித்துப் பார்த்தேன். அந்த நாடுகளில் ஒன்றுமே உடுத்துவதில்லை, மிஞ்சிப் போனால் ஒரு துண்டு. மாமியாராகப் போகிறவர் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண்ணைத் துண்டோடு உட்காரக் கூப்பிடுகிறார் என்றால் எதற்காக? பேசவா? பேசுவதற்கு ஹால் இல்லையா, சோபா இல்லையா? முன்பெல்லாம் பெண் பார்க்க வந்தவர்கள் நடந்து காட்டச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், பின்னலைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். இப்போது ஆவி ரூம். வசதி கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

மேகலாவிடம் சொன்னேன். சிரித்தாள். "அவங்க அப்படியெல்லாம் யோசிக்கிற ஆளு இல்லடி."

"யோசிக்காமல் செய்வதற்குத்தான் சமூக அமைப்பு என்று பெயர்" என்றேன்.

"சரி தாயே" என்று மறுபடியும் துணி மடிக்கப் போய்விட்டாள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறீர்கள். மேகலாவின் முதுகில் ஒரு தழும்பு. ஆறு வயதில் சோறு வடித்த கஞ்சி மேலே கொட்டிவிட்டது. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் தோல் சுருங்கிப் போயிருக்கும். கழுத்து மூடின சட்டைதான் போடுவாள், விடுதியில் உடை மாற்றும்போதுகூட முதுகைச் சுவர்ப் பக்கம் வைத்து என்னைப் பார்த்துத்தான் நிற்பாள். அவள் அப்பா மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்லவில்லை. அவளே சபரீஷிடம் சொல்லிவிட்டாள். "அதுக்கென்ன" என்றானாம். "அம்மா ஒண்ணும் நினைக்காது. அப்பாகிட்டயும் அத்தைகிட்டயும் நானே நேரம் பார்த்துச் சொல்றேன், அதுவரைக்கும் யாரும் வாயத் திறக்க வேண்டாம்" என்றும் சொன்னானாம்.

அத்தை என்றால் அவன் அப்பாவுடைய அக்கா, சரசு. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். முன்னால் ஒரு வரன், பெண்ணுக்குக் கண்ணாடி கொஞ்சம் தடிமனாக இருக்கிறது என்று அவர் தட்டிவிட்டதுதானாம். மேகலாவுக்கு அவரை நினைத்தாலே பயம். "இது மட்டும் நல்லபடியா தாண்டிட்டாப் போதும்டி, எனக்கு அவனை நிஜமாவே பிடிச்சிருக்கு" என்று என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள். ஆமாம், இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் போனேன். தெரியாதவள் எப்படிக் காப்பாற்ற முடியும்?

"நானும் வருகிறேன்" என்றேன்.

"உன்னை அவங்க கூப்பிடலயே."

"கூப்பிட்டு வருவதற்கு நான் விருந்தாளி இல்லை. துணை."

இரண்டு நாள் வாதாடினேன். மூன்றாம் நாள், "வந்து தொலை. ஆனா பேசாம இருக்கணும்" என்றாள். பேசாமல் இருப்பதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை. தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

புதிதாக ஒரு துண்டு வாங்கினேன். ஆரஞ்சு நிறம். சானாவைப் பார்க்கிற ஆசை எனக்கு இல்லவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அது ஆய்வு நோக்கம். நன்றாக வியர்க்க விட்டு வெளியே வந்து, தலையோடு பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் உடம்பு பஞ்சாகிவிடும் என்று எழுதியிருந்தார்கள். எனக்கும் இரண்டு மாதமாகக் கழுத்து பிடித்துக்கொண்டு திரும்பவில்லை. ஒரு கொடுமையை எதிர்க்கப் போகிற இடத்தில் கழுத்தும் சரியானால் அதில் தப்பென்ன?

பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா, கொண்டை ஊசி வளைவு. இந்த டிரைவர் கொஞ்சம் வேகம்தான்.

சாந்தாமணி வாசலிலேயே நின்றார். ஒல்லியான அம்மா, தலையில் கம்பளித் துணி, நிதானமாகப் பேசுகிறவர். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து அதை முடிப்பதற்குள் நமக்கு ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் போலிருக்கும். "வா கண்ணு, வா" என்று மேகலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். "இந்த அம்மணி?"

"என் ரூம்மேட், அத்தை. துணைக்கு வந்தா."

முகம் கொஞ்சம் வாடியது. நான் அதைக் கவனித்துவிட்டேன். திட்டத்துக்கு இடைஞ்சல் வந்துவிட்டதல்லவா?

அதற்குள் உள்ளேயிருந்து சரசு அத்தை வந்தார். கனமான ஆள், ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, காதை மூடி மஃப்ளர். "யாரு இது? வெளியாளும் ஆவி ரூமுக்கு வருதா? அப்ப ஊட்டாளு ஒருத்தி வேண்டாமா? இருங்க, நானும் வர்றேன்."

"நீங்க எதுக்குங் நங்கையா, உங்களுக்கு முட்டி வலி..." என்றார் சாந்தாமணி. நங்கையா என்றால் அவர்கள் பக்கம் நாத்தனார்.

"முட்டி வலிக்குச் சூடு நல்லதுதான், நட."

சாந்தாமணி மேகலாவைப் பார்த்தார். மேகலா என்னைப் பார்த்தாள். நான் தைரியமாக இரு என்று கண்ணைக் காட்டினேன். ஆள் கூடக்கூட நமக்குத்தானே பலம்? ஒரு சாட்சி அதிகம்.

இனிமேல்தான் அக்கா, அந்த சானாவைப் பற்றிச் சொல்கிறேன். நான் குளியலறைக்குப் போய் முறைப்படி தயாரானேன். அரைக்கால் சட்டை, பனியன், அதற்கு மேல் ஆரஞ்சுத் துண்டு. செருப்பு இல்லாமல் பின்வாசலில் பனிக்குள் நடுங்கிக்கொண்டே நடந்து போய்க் கதவைத் திறந்தால், உள்ளே மூன்று பேரும் போட்ட துணி போட்டபடி உட்கார்ந்திருக்கிறார்கள். சாந்தாமணி கணுக்கால் வரைக்கும் நைட்டி, தோளில் துண்டு. மேகலா சுடிதார், துப்பட்டாவோடு. சரசு அத்தை ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்புள்ள, துணி நனைஞ்சு போச்சா?" என்றார் சரசு அத்தை.

சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள்.

சாந்தாமணி கொடியிலிருந்து ஒரு பாவாடையை உருவி என் மேல் போட்டார். ஆமாம், கொடி. சானாவுக்குள் துணி காயப்போடும் கொடி! சுவருக்குச் சுவர் கட்டி அதில் புடவை, போர்வை, பெரியவருடைய வேட்டி. உட்காரும் பலகை முழுக்க முறம், தட்டு. தட்டில் கூழ்வடகம், வெங்காய வடகம், அரிசி அப்பளம், கீறின மிளகாய். கோத்தகிரியில் இந்த மாதங்களில் வெயில் எங்கே வருகிறது? ஒரு கைக்குட்டை காய்வதற்கு ஒரு வாரம் ஆகுமாம். பெரியவர் ஆசையாகக் கட்டினார், பிரஷர் ஏறுகிறது என்று டாக்டர் உட்காரக் கூடாது என்றுவிட்டார், அன்றிலிருந்து அது சாந்தாமணி கைக்கு வந்துவிட்டது. சூடுகூட வடகத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் வைப்பார்களாம். அதிகம் வைத்தால் வடகம் வெடித்துவிடுமாம்.

எத்தனை ஏமாற்றம் சொல்லுங்கள்! ரஷ்யா, சில்வர் ஓக் பலகை, ஆவி, பஞ்சு மாதிரி உடம்பு. கடைசியில் நான் இரண்டு வடகத்தட்டுக்கு நடுவில், யாருடையதோ பாவாடையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சொட்டு வியர்வை வரவில்லை. பெருங்காய வாசனைதான் வந்தது.

அதோடு உடனே இன்னொரு எண்ணமும் வந்தது. இவர்கள் துணியே கழற்றவில்லையே, அப்படியானால் என் வாதம்? ஒரு கணம்தான். பிறகு சமாளித்துக்கொண்டேன். நடக்கவில்லை என்பதால் நோக்கம் இல்லை என்று ஆகிவிடாது. நான் வந்ததால் நடக்காமல் போயிருக்கலாம் இல்லையா?

சாந்தாமணி வடகத்தட்டு ஒன்றை மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தார். "கண்ணு, உன்ன எதுக்கு வரச் சொன்னேன்னா... ஊட்டுக்குள்ள உக்காந்தா ஒரு வார்த்தை பேச முடியறதில்ல. ஃபேக்டரி ஆளுங்க வருவாங்க, டிவி ஓடும், அவுங்கப்பா ஏதாச்சும் கேட்டுட்டே இருப்பாங்க. இங்க ஆம்பளைங்க யாரும் எட்டிப் பாக்கறதில்ல, மொளகா நெடி ஆகாது. அதான்..." சரசு அத்தையை ஒரு பார்வை பார்த்தார். அவர் கண்ணை மூடிச் சூட்டை அனுபவித்துக்கொண்டிருந்தார். சாந்தாமணி குரலை இறக்கினார். "என்ற பையன்னு பாக்காத கண்ணு. உனக்கு மனசுக்குள்ள..."

"மன்னிக்க வேண்டும் ஆன்ட்டி, ஒரே ஒரு கேள்வி" என்றேன்.

இல்லை அக்கா, பொறுங்கள். அந்த அம்மா ஏதோ முக்கியமாகச் சொல்ல வந்தார் என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? அது அந்த நேரத்தில் எனக்கு எப்படித் தெரியும்? மெதுவாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் முக்கியமாகத்தான் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ள முடியுமா?

"பேசுவதற்கு இந்த அறையைத் தேர்ந்தெடுத்ததன் நோக்கம் என்ன?" என்று கேட்டேன்.

சரசு அத்தை கண்ணைத் திறந்தார். "இந்தப் புள்ள எந்தூரு? ரேடியோவுல சேதி படிக்கற மாதிரியே பேசுது."

"நோக்கமெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மணி" என்றார் சாந்தாமணி. "கதகதன்னு இருக்கும்னுதான்."

மேகலா என் தொடையில் கிள்ளினாள். அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன்.

"ஒரு பெண்ணின் உடம்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கும் உரிமையை மாப்பிள்ளை வீட்டுக்கு யார் கொடுத்தது? நீங்கள் கேட்கலாம், நாங்கள் எங்கே பார்த்தோம் என்று. பார்க்கவில்லை. பார்க்கும் வாய்ப்பை ஏற்படுத்தினீர்கள். உங்கள் மகனுடைய முதுகை மேகலா வீட்டார் பார்த்தார்களா? இல்லையே! அப்படியிருக்க ஒரு தழும்பு இருந்தால்தான் என்ன, இல்லாவிட்டால்தான் என்ன? ஆமாம், இருக்கிறது! தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் வெந்த தழும்பு இருக்கிறது. இருக்கட்டுமே! அதனால் என் மேகலா எந்த விதத்தில் குறைந்து போய்விட்டாள்?"

மேடையாக இருந்தால் அந்த இடத்தில் கைதட்டல் விழுந்திருக்கும். அங்கே அடுப்பின் ரீங்காரம் மட்டும் கேட்டது. சாந்தாமணியின் கையிலிருந்த வடகம் திரும்பாமல் அப்படியே நின்றது.

"வெந்த தழும்பா?" என்றார் சரசு அத்தை. முழுதாக விழித்துவிட்டார். "எவ்ளோ பெருசு?"

மேகலா கழுத்தில் கிடந்த துப்பட்டாவை எடுத்து முதுகுப் பக்கம் போர்த்திக்கொண்டாள். ஏற்கனவே சட்டை மூடியிருக்கும் முதுகு அக்கா. அதன் மேல் இன்னொன்று.

எனக்கு மௌனம் ஆகாது. நாலு பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நெஞ்சை அடைக்கும். எதிர்க்கருத்து சொன்னால் பதில் சொல்லலாம், மௌனத்துக்கு என்ன பதில் சொல்வது? சூழ்நிலையைக் கொஞ்சம் இலகுவாக்கலாம் என்று நினைத்தேன். சானா என்றால் வாளியும் மரக்கரண்டியும் இருக்கும், கல்லில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று படித்திருந்தேன் அல்லவா? அடுப்புப் பக்கத்தில் ஒரு போசியும், அவர்கள் பக்கம் பாத்திரத்துக்கு அதுதான் பெயர், கரண்டியும் இருந்தன. எடுத்தேன்.

"அது தண்ணியில்ல கண்ணு, அது..." என்றார் சாந்தாமணி.

"தெரியும் ஆன்ட்டி, கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கரண்டி ஊற்றிவிட்டேன்.

மோர்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், மோர் மிளகாய் எப்படிப் போடுவது என்று. மிளகாயைக் கீறி உப்பு மோரில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைத்து, மறுபடி அதே மோரில் போட்டு, மறுபடி காயவைத்து. மிளகாய் தட்டில் காய்ந்துகொண்டிருந்தது, அதன் காரம் முழுவதையும் வாங்கிக்கொண்ட மோர் அந்தப் போசியில் அடுத்த முறைக்காகக் காத்திருந்தது. அது கொதிக்கும் கல்லில் விழுந்தால் என்ன ஆகும்! புஸ்ஸென்று கிளம்பியது பாருங்கள். கண், மூக்கு, தொண்டை எதையும் விடவில்லை. சரசு அத்தை கதவைப் பிடித்து இழுக்கிறார், அது வெளியே தள்ளித் திறக்கும் கதவு. சாந்தாமணி இருமலுக்கு நடுவில் "தள்ளுங் நங்கையா, தள்ளுங்" என்கிறார். நான் ஆரஞ்சுத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வடகத்தட்டு மேலேயே விழுந்தேன்.

வெளியே வந்து விழுந்ததும் சத்தம் கேட்டுப் பெரியவர் குழந்தைவேல் டிவி ரிமோட்டோடு ஓடி வந்தார். "என்னாச்சு, என்னாச்சு?" என்று கேட்டார். நியாயமாகச் சரசு அத்தை எதைச் சொல்லியிருக்க வேண்டும்? மோரைச் சொல்லியிருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருமி, துப்பி, முதல் வார்த்தையாக என்ன சொன்னார் தெரியுமா?

"தம்பி, அந்தப் புள்ளைக்கு முதுகெல்லாம் வெந்திருக்குதாமா. நம்மகிட்டச் சொல்லவே இல்ல பாத்தியா?"

பெரியவர் மேகலாவைப் பார்த்தார். அவள் குழாயடியில் குனிந்து கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நெருங்கிப் போனேன். "கவலைப்படாதே, நான் விளக்குகிறேன்" என்றேன்.

முகத்தைத் துடைக்காமலே நிமிர்ந்தாள். "நீ கீழ போ சுகிர்தா."

"நீ?"

"நான் இருந்து பேசிட்டு வர்றேன்."

"தனியாகவா? அவர்கள் மூன்று பேர். நீ ஒருத்தி. உன்னால் பேச முடியாது மேகலா, உனக்குப் பேச வராது."

"நீ போ" என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. அவ்வளவு மெதுவாக அவள் என்னிடம் பேசியதே இல்லை.

இதுதான் நடந்தது. இப்போது சொல்லுங்கள், தவறு யார் மேல்? மறைத்த அவள் அப்பா மேலா, நேரம் பார்க்கிறேன் என்று தள்ளிப்போட்ட சபரீஷ் மேலா, பெண்ணை எடைபோடும் அந்த அத்தை மேலா? நான் உண்மையை மட்டும்தானே சொன்னேன்? மறைப்பதுதான் அவமானம், சொல்வது அவமானம் இல்லை என்பது என் நிலைப்பாடு. என்ன? அவள் தழும்பை அவள்தானே சொல்ல வேண்டும் என்கிறீர்களா? அது ஒரு கோணம். நல்ல கோணம்தான். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் சாந்தாமணி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர்தான் குடை பிடித்துக்கொண்டு கூட வந்தார். கண் அவருக்கும் சிவந்திருந்தது. ஒரு திட்டுக்கூட இல்லை. கையில் ஒரு பொட்டலம் வடகம் வேறு. பாதி தூரம் போனதும் வழக்கம்போல நிதானமாக ஆரம்பித்தார். பனியில் பஸ் வரும் வழியும் தெரியவில்லை, நானும் இருமிக்கொண்டிருந்தேன், அதனால் முழுவதையும் சொல்லிவிட்டார்.

"நான் அந்தப் புள்ளகிட்டக் கேக்க வந்தது வேறம்மணி. உனக்கு மனசுக்குள்ள புடிக்கலேன்னா எங்கிட்டச் சொல்லிரு, பழிய நான் ஏத்துக்கறேன், ஜாதகம் சேரலன்னு ஏதாச்சும் சொல்லி நானே நிறுத்தீர்றேன்னு சொல்லத்தான் கூப்புட்டேன். நாள் குறிச்சப்பறம் ஒரு பொண்ணால வாயத் திறக்க முடியுமா? என்னை அன்னிக்கு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு இன்னைக்கும் சில சமயம் நெனச்சுப் பாப்பேன். நங்கையா காதுல உழுகாம அதக் கேக்கறதுக்கு அந்த ஊட்ல எனக்கு இருக்கறது அந்த ஒரு ரூம்தான்."

எனக்குப் புல்லரித்துவிட்டது அக்கா. "ஆன்ட்டி, இதுதான், இதேதான் நான் உள்ளே சொன்ன வாதம்! பெண்ணின் சம்மதம்! நீங்கள் உங்கள் வார்த்தையில் சொல்கிறீர்கள், நான் என் வார்த்தையில் சொன்னேன். நாம் இரண்டு பேரும் ஒரே அணி!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அவர் கையைக் கொடுத்தார். ஆனால் முகத்தில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை. "அப்ப என்னையக் கேக்க உட்டிருக்கலாமல்லோ கண்ணு" என்றார்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. இல்லாவிட்டால் விளக்கியிருப்பேன்.

அந்தப் புள்ளைக்கு இப்போது என்ன ஆகுமோ என்கிறீர்களா? அதைத்தான் நானும் வளைவுக்கு வளைவு போனைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். மலையில் சிக்னலே இல்லை. பெரியவர் என்ன சொல்வார், தெரியாது. சரசு அத்தை சொல்வது தெரியும். மேகலா என்ன சொல்வாள்? அவளுக்குப் பேச வராது அக்கா. வகுப்பில் கேள்வி கேட்டால்கூட என்னைத்தான் திரும்பிப் பார்ப்பாள். இந்தக் கல்யாணம் நின்றுபோனால், நான்தான் நிறுத்தினேன் என்று நினைத்துவிடுவாளோ? அதுவும் ஏதோ அவள் போகக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே... சே, அப்படி நினைக்க மாட்டாள். ஒரே அறையில் இருந்தவள் அப்படி நினைப்பாளா? நீங்கள் நினைக்கிறீர்களா? ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?

இருங்கள், சிக்னல் வந்துவிட்டது, அடிக்கிறது. அவள்தான். பாருங்கள், அவளே கூப்பிடுகிறாள்.

"சொல்லு மேகலா... என்ன? கேட்கவில்லை, பஸ்ஸில் இருக்கிறேன். இரு, இரு, நீ சொல்வதற்கு முன்னால் நான் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் செய்தது உனக்காக. இல்லை, முதலில் கேள். உனக்குக் கோபம் இருக்கும், அது எனக்குப் புரிகிறது, ஆனால் கோபத்தில் எடுக்கிற முடிவு முடிவே இல்லை... அழுகிறாயா? சிரிக்கிறாயா? சத்தம் விட்டு விட்டு வருகிறது. அந்த அத்தை ஏதாவது சொன்னாரா? சொன்னால் நீ என்ன சொல்ல வேண்டும் தெரியுமா? மூன்று விஷயம். முதலாவது... நான் முடித்துவிடுகிறேன் மேகலா, ஒரு நிமிஷம், முதலாவது... மேகலா? மேகலா?"

வைத்துவிட்டாள்.

பார்த்தீர்களா அக்கா! அவளாகக் கூப்பிடுகிறாள், அவளாக வைத்துவிடுகிறாள். கல்யாணம் நிற்கிறதா நடக்கிறதா, ஒரு வார்த்தை சொன்னாளா? எதற்குக் கூப்பிட்டாள் என்றுகூடச் சொல்லவில்லை!

என்ன சிரிப்பு உங்களுக்கு? அவளை நான் எங்கே பேச விட்டேன் என்கிறீர்களா? அவள்தான் பேசவே...

இல்லை. இருங்கள்.

மறுபடி அடிக்கிறாள். இதோ, பிடியுங்கள். நீங்கள் எடுங்கள் அக்கா, பரவாயில்லை, பக்கத்து சீட்டில் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு மட்டும் சொல்லுங்கள். நான் எடுத்தால் நானே பேசிவிடுவேன்.